முதல் சொட்டு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. தீபாவளிக்கு அப்புறம் நீ சரியாகப் பேசவே இல்லை. போன் செய்தால் 'கிளாஸுக்குப் போகிறேன்' என்கிறாய். ராத்திரி எட்டு மணிக்கு என்ன கிளாஸ் என்று அம்மா என்னைக் கேட்கிறாள். நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

பாடம் நடத்தவே நேரம் போய்விடுகிறது, இதில் ஆராய்ச்சி எங்கே என்று சித்தப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லியிருக்கலாம். 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, பிரசிடென்சி கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர், அவரைப் போய்ப் பார்த்தார். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்று சொன்ன அந்தப் பெரிய மனிதர், இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்து அனுப்பினார். 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் சந்திரசேகரின் கட்டுரை வந்துவிட்டது. இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன், தெரியும். இளங்கலைப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று மட்டும் நினைத்துவிடாதே. நீ பிஎச்.டி. முடித்த அன்றைக்கு நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வேளைக்குச் சாப்பிடு.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. என் லேபில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் நடந்துகொண்டிருந்தது, ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சூடான ஆக்ஸாலிக் அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற அதே சோதனை. முதல் வருஷப் பையன் ஒருவன், 'சார், முதல் சொட்டு நிறம் போக இவ்வளவு நேரமாகிறது, அப்புறம் விடுகிற சொட்டெல்லாம் உடனே போய்விடுகிறதே, ஏன்?' என்றான். 'சூடு போதவில்லை, ரீடிங்கை எழுது' என்றேன். எனக்கு விடை தெரியும். ஆக்ஸாலிக் அமிலத்தோடு வினை நடக்க நடக்க உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை முடுக்கிவிடுகிறது. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது, கையெழுத்துக்கு முப்பது ரெக்கார்டு நோட்டு கிடந்தது. விடையைக்கூடச் சொல்லியிருக்க வேண்டாம், கயல். ஒரு சிட்டிகை மாங்கனீசு சல்பேட்டைக் கையில் கொடுத்து, 'முதலிலேயே இதைப் போட்டுவிட்டு விநாடியை எண்ணிப் பார்' என்றிருந்தால் அவனே கண்டுபிடித்திருப்பான். அப்புறம் மூன்று வருஷமும் அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நல்ல வாத்தியார் என்று ஊர் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நீ.

உங்கள் லேபில் அந்த டைட்ரேஷன் எப்போது வரும்? பிள்ளைகளை முதல் சொட்டுக்கு விநாடி எண்ணச் சொல். அந்தக் கணக்கை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் எதுவும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா