எனக்கு எங்கேம்மா பிரேக்?

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். படம் வந்தது. பாப்பா சிரித்தால் அப்பாவின் கன்னக்குழி அப்படியே விழுகிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போனில் இரண்டு நிமிடத்தில் "சரிம்மா, வைக்கிறேன்" என்று விடுகிறாய், அதனால்தான் கடிதம். எனக்குக் கண்ணாடி மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மாடியில் ஒழுகுவது நின்றுவிட்டது. வேறு செய்தி இல்லை.

அன்றைக்குச் சொன்னாயே, "160 கிலோமீட்டர், ரெண்டே மணி நேரம்மா, போன தடவை ரெண்டரை ஆச்சு" என்று. "வழியில எங்கேயும் நிக்கலையா?" என்று மட்டும்தான் கேட்டேன். "பாடம் எடுக்க ஆரம்பிச்சிடாதேம்மா" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்று வாரமாகிறது. தூக்கம் வராவிட்டால் நான் கணக்குப் போட உட்கார்ந்துவிடுவேன், உனக்குத் தெரியாததா?

இரண்டு மணிக்கு 160 என்றால் சராசரி 80. சிக்னலில் நின்றது, லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது, திருப்பத்தில் குறைத்தது எல்லாம் அந்தச் சராசரிக்குள் அடக்கம். அந்த நேரத்தை ஈடுகட்ட வேறு எங்கோ 100ஐத் தாண்டியிருக்கிறாய். நீ சொல்லாததை உன் கணக்கு சொல்லிவிட்டது.

60க்கும் 80க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பாய். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி வைத்துக்கொள். 60ல் போகிறவன் அந்த ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுகிறான். காய்ந்த சாலை, நல்ல டயர் என்றால் பிரேக் பிடித்த பிறகு இன்னும் 20 மீட்டர். ஆக 37 மீட்டரில் நிற்பான். 80ல் வருகிறவனுக்கு அந்த ஒரு நொடியிலேயே 22 மீட்டர் போய்விட்டது. மிச்சமுள்ள 15 மீட்டரில் அவன் எவ்வளவு அழுத்தினாலும், 60காரன் நின்றுவிட்ட அதே இடத்தில் இவன் இன்னும் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பான். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். நீயும் போட்டுப் பார். சாலை நனைந்திருந்தால் உராய்வு குறையும், இதைவிட மோசம்.

வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. கரும்பலகையில் இதை எழுதும்போதெல்லாம் களிமண் கதையையும் சொல்வேன். 300 வருடத்துக்கு முன்னால் கிராவசாண்டே என்ற டச்சுக்காரர் பித்தளை உருண்டைகளை மெத்தென்ற களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்தது நான்கு மடங்கு ஆழம் போனது. எமிலி து ஷாத்லே என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1740ல் அச்சான தன் புத்தகத்தில், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற கட்சியை எடுத்து வாதாடினார். என் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் நான் பாடத்தை முடித்ததில்லை. அந்தக் களிமண் மாதிரிதான் நம் உடம்பும், வேறென்ன. 60ல் ஒரு சுவரில் மோதுவதும் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒன்று. 80 என்றால் 25 மீட்டர். மெதுவாகப் போ கண்ணா. அரை மணி நேரம் முன்னால் போய் என்ன செய்தீர்கள்?

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. உனக்கு ஏழு வயது. பஸ் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார், நீ முன் கம்பியில் போய் முட்டிக்கொண்டாய். அழவில்லை. "பஸ்ஸுக்குப் பிரேக் இருக்கு. எனக்கு எங்கேம்மா பிரேக்?" என்று கேட்டாய். நிலைமத்தை இதைவிட நன்றாகச் சொன்ன பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, உள்ளே இருப்பவனைப் பிடிப்பதில்லை, அவன் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறான், ஏதாவது ஒன்று அவனைத் தடுக்கும்வரை. அந்த 'ஏதாவது ஒன்று' பெல்ட்டா, கண்ணாடியா என்பதுதான் கேள்வி. 26 வருடம் ஒன்பதாம் வகுப்பில் உன் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். "என் பையன் கேட்டது" என்று பெருமையாகச் சொல்வேன். அப்படிக் கேட்ட பிள்ளைக்கு நான் இப்போது இதை எழுத வேண்டியிருக்கிறது.

படத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்து வந்துவிட்டேன். முன் சீட்டில் என் மருமகள் மடியில் பாப்பா. பெல்ட் போட்டிருக்கிறாள், பாப்பாவையும் சேர்த்து. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் போட்டிருப்பாள், அவள் கவனமான பெண், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாப்பாவை அந்தப் பெல்ட்டுக்குள் வைக்கவே கூடாது. வண்டி 36ல் போகிறது என்றே வைத்துக்கொள், அதை யாரும் வேகம் என்று சொல்ல மாட்டார்கள். அது நொடிக்கு 10 மீட்டர். எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால் முடுக்கம், அதாவது வேகம் மாறுகிற வீதம், 100. பாப்பா 9 கிலோ என்று எழுதியிருந்தாய். இரண்டையும் பெருக்கினால் விசை 900 நியூட்டன். 90 கிலோ மூட்டையைக் கையில் தாங்குகிற விசை. எந்தத் தாயின் கையும் தாங்காது. பாப்பாவையும் சேர்த்துப் பெல்ட் போட்டால் அதைவிட மோசம். 60 கிலோ அம்மா முன்னால் வருகிறாள், அவளைப் பெல்ட்டில் நிறுத்த 6000 நியூட்டன் வேண்டும், நடுவில் அகப்பட்டிருப்பது பாப்பா. நில்ஸ் போலின் என்ற பொறியாளர் வடிவமைத்து 1959ல் கார்களுக்கு வந்த இந்த மூன்று முனைப் பெல்ட் இடுப்பெலும்பிலும் மார்புக்கூட்டிலும் தோளெலும்பிலும் விசையைத் தாங்குவதற்காகச் செய்தது. ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு அந்த எலும்பெல்லாம் எங்கே உறுதியாகியிருக்கிறது?

குழந்தைக்கென்று வாங்கிய இருக்கை மாடியில் கிடக்கிறது என்று உன் தங்கை சொன்னாள். உட்கார வைத்தால் அழுகிறதாம். அழட்டும். அதைப் பின் சீட்டில், வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி மாட்டு. இந்த வயதில் தலைதான் கனம், கழுத்தில் பலமில்லை. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் தலையும் கழுத்தும் முதுகும் ஒன்றாக இருக்கையில் அழுந்தும், விசை பரவிப் போகும். ஏர்பேக் இருக்கிற முன் சீட்டில் அதை மாட்டிவிடாதே, வெடித்து விரிகிற பை நேராக இருக்கையின் முதுகில் அறையும். பின் சீட்டு. பின் சீட்டில்தான்.

இவ்வளவு எழுதிவிட்டேன், ஒன்றை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன்.

உன் இடது புருவத்துத் தழும்பு. அப்பா பிரேக் அடித்ததில் வந்தது என்றுதானே எல்லோருக்கும் தெரியும். அத்தை கடைசிவரை சொன்னார், "இவன் வண்டி ஓட்டின லட்சணம்" என்று. அப்பா ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் 40க்கு மேல் போகவில்லை. "அப்பா ஓட்டினா விடிஞ்சிடும்" என்று நீயும் தங்கையும் கேலி செய்வீர்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நடந்தது இது. உனக்குப் பதினோரு மாதம், பாப்பாவுக்கு இப்போது இருக்கிற வயது. "குழந்தையை வச்சுக்கிட்டுப் பின்னால உட்காரு" என்று அப்பா கிளம்பும்போதே சொன்னார். உனக்கு வேடிக்கை காட்ட வேண்டும் என்று நான்தான் முன்னால் உட்கார்ந்தேன். பெல்ட்டும் போடவில்லை. பந்தை விரட்டிக்கொண்டு ஒரு பையன் சாலைக்குள் ஓடி வந்தான். அப்பா பிரேக் அடித்தார். வண்டி எதிலும் மோதவில்லை. பையனுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

பிறகு பல வருடம் கழித்துத்தான் அதைக் கணக்காகப் போட்டேன். அன்று அப்பா வந்தது 40ல். யோசிக்கிற நொடியையும் சேர்த்து நிற்க 20 மீட்டர். 50ல் வந்திருந்தால் அதே இடத்தில் வண்டி 37ல் அந்தப் பையன்மேல் போயிருக்கும். அப்பா சரியாக ஓட்டினார், சரியாக நின்றார். உன் பங்குக்கு வந்த விசை 63 நியூட்டன்தான். ஆறரை கிலோ பையைப் பிடிப்பது போல. பிடித்திருக்கலாமே என்று முதலில் தோன்றியது. ஆனால் உன்னை நான் பிடிக்க வேண்டுமென்றால் என்னை யாராவது பிடித்திருக்க வேண்டும். என் 55 கிலோவும் உன்னோடு சேர்ந்து முன்னால் போனது. டேஷ்போர்டு விளிம்புக்கும் எனக்கும் நடுவில் நீ இருந்தாய். உன் புருவத்தைக் கிழித்தது என் எடை.

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "இவர் திடீர்னு பிரேக் போட்டார்" என்றேன். அது பொய்யில்லை, அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலும் அதையே சொன்னேன். அடுத்த வாரம் வகுப்பில் நிலைமம் நடத்தினேன். அப்பா போய் நான்கு வருடமாகிறது, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இத்தனை நாளும் நீ கண்ணாடியில் அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவைத்தானே நினைத்திருப்பாய்.

இதை அவளுக்கும் படித்துக் காட்டு. மாமியார் குறை சொல்கிறாள் என்று நினைத்தால் கடைசிப் பகுதியிலிருந்து படிக்கச் சொல். தங்கைக்கு நானே சொல்கிறேன்.

இருக்கையை இறக்கிப் பின் சீட்டில் மாட்டிவிட்டு, பாப்பாவை உட்கார வைத்து ஒரு படம் அனுப்பு. அழுதுகொண்டிருந்தாலும் பரவாயில்லை.

அம்மா