பாம்புக் காசுதான் வேண்டும்

அன்புள்ள கண்ணம்மா,

என் பேரனுக்கு, அவன் பிறந்த ஆண்டின் சீன விலங்கு பொறித்த வெள்ளிக் காசாகக் குதிரைக் காசு வாங்கப் போவதாக நேற்றுச் சொன்னாய். அவசரப்படாதே. அவன் பிறந்தது பொங்கலுக்கு மறுநாள். சீனர்களின் குதிரை ஆண்டு 2026 பிப்ரவரி 17ஆம் தேதிதான் பிறந்தது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளெல்லாம் பாம்புதான். நம் கணக்கும் அதுதானே? ஜனவரி வந்தால் என்ன, சித்திரை பிறக்கும்வரை நம் விசுவாவசு ஆண்டு மாறுவதில்லை.

இதே தவற்றை நான் ஒருமுறை செய்தேன். நீ பிறந்தது 1999 ஜனவரி. 1981இல் சிங்கப்பூர் முதல் சேவல் காசை வெளியிட்டபோது நான் பள்ளி மாணவன், பார்த்து ஏங்கியதோடு சரி. அந்த ஏக்கத்தை உன் பெயரில் தீர்த்துக்கொள்ள நினைத்தேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை 1996 முதல் விலங்கு ஆண்டுத் தங்கக் காசுகளை வெளியிட்டு வந்தது. தங்கத்துக்கு என் கை எட்டவில்லை. 1999இல் வெள்ளியில் முதன்முதலாக முயல் வந்தது. ஒரு அவுன்ஸ், 31 கிராமுக்குச் சற்று மேல். மேலே ஒரு டாலர் என்று போட்டிருக்கும், அந்த விலைக்கு யார் கொடுப்பார்கள்! வாங்கிய பெருமையில் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பக்கத்து மேசைச் சீன நண்பர் உன் பிறந்த தேதியைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். முயல் அந்த ஆண்டு பிப்ரவரி 16இல்தான் வந்ததாம். நீ புலி.

அதோடு விட்டதா? வெள்ளி கறுத்துவிட்டதென்று உன் ஆச்சி விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார். காசு பளபளத்தது, முயலின் முகம் முழுக்கக் கீறல். சேகரிப்பவர்கள் தேய்த்த காசைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். நீ வாங்குவதைக் கெட்டியான வட்டப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதே. எடுத்தே ஆகவேண்டுமானால் விளிம்பை மட்டும் பிடி. மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்குப் படியும்.

2025 என்று பொறித்த பாம்பு ஹே தெருவிலுள்ள பெர்த் நாணயச்சாலைக் கடையில் தீர்ந்திருந்தால், பழைய நாணயம் விற்கும் கடைகளில் கேட்டுப்பார். டிராகனுக்கு அடித்துக்கொள்வதுபோல் பாம்புக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை.

இன்னொன்று. சீனர்களுக்கும் அறுபதாண்டுச் சுற்று உண்டு. விலங்கோடு மரம், நெருப்பு போன்ற ஐந்து பூதங்களில் ஒன்றும் சேரும். 2025இல் வந்தது மரப்பாம்பு. அதற்கு முந்தைய மரப்பாம்பு 1965. அந்த ஆண்டு ஆகஸ்டில் பிறந்தவன் நான், அதுவும் விசுவாவசுதான். ஆகவே கடைக்குப் போகும்போது இரண்டாக வாங்கு. ஒன்றின் பணத்தை நான் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா