கொலம்பஸ் கதையில் விடுபட்ட கர்தினால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த கொலம்பஸ் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் ஸ்பெயினை ஆண்ட ராணி இசபெல்லா, அவர் கணவர் ராஜா ஃபெர்டினாண்ட் என்று இரண்டே பேரோடு முடித்துவிட்டீர்களே, கர்தினால் (கத்தோலிக்கத் திருச்சபையில் போப்புக்கு அடுத்த நிலைக் குரு) பெத்ரோ கொன்சாலெஸ் தெ மெந்தோசா எங்கே? அரசவையில் அவருக்கு இருந்த செல்வாக்கைப் பார்த்து 'ஸ்பெயினின் மூன்றாவது ராஜா' என்றே அவரைச் சொன்னார்கள். மேற்கே கடல்வழியாக ஆசியாவை அடையும் கொலம்பஸின் திட்டத்தைக் காதுகொடுத்துக் கேட்டு ஆதரித்த பெரிய மனிதர்களில் அவரும் ஒருவர்.

1428-ல் ஸ்பெயினின் குவாதலஹாராவில் பிறந்தார். அப்பா சான்டில்லானா பிரபு, பெயர்பெற்ற கவிஞர். அப்பாவுக்காகவே மகன் 'இலியட்' என்ற கிரேக்கக் காவியத்தை லத்தீனிலிருந்து ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1473-ல் கர்தினால், 1482-ல் தொலேதோ பேராயர். நடுவில் 1476-ல், இசபெல்லாவின் அரியணைக்காக நடந்த தோரோ போரில் களத்திலேயே நின்றார். 1492 ஜனவரி 2 அன்று ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்தபோது அங்குள்ள அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோபுரத்தில் ஏற்றியது அவருடைய சிலுவையைத்தான்.

துறவறத்தை அவர் சரியாகக் காக்கவில்லை, பிள்ளைகள் இருந்தார்கள், அதை அவர் மறைக்கவும் இல்லை. எனக்கு அது உறுத்தல்தான். ஆனாலும் 1495-ல் சாகும்போது சொத்தின் பெரும்பகுதியைப் பெற்றோர் கைவிட்ட குழந்தைகளுக்கான மருத்துவமனைக்கு எழுதிவைத்தார், அதை எப்படி மறக்க முடியும்? அவர் இறந்தபின் தொலேதோ நகரில் எழுந்த அந்த சான்டா க்ரூஸ் ('புனித சிலுவை') மருத்துவமனைக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். வாசலுக்கு மேலே, சிலுவை தாங்கிய புனித ஹெலெனா முன் அவர் மண்டியிட்டிருக்கும் சிற்பம் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் படத்தையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்