ரோலர் ஃபில்டர் பொருத்துவதற்கு முன்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உன் வீட்டிலும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதமும் உன் கடல்நீர்ப் பவளத் தொட்டியின் படங்களும் வந்து சேர்ந்தன. சிறு துண்டாக நீ ஒட்டி வைத்த டார்ச் பவளம் தலைகள் பிரிந்து இவ்வளவு பெரிதாகிவிட்டதைப் பார்த்து மிகவும் மகிழ்ந்தேன். என் தொட்டியில் அக்ரோபோரா பவளங்கள் நன்றாகக் கிளைத்து வருகின்றன. மாண்டரின் மீனும் கொழுத்துத் திரிகிறது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

தண்ணீரின் அழுக்கைப் பிடிக்கும் ஃபில்டர் சாக்குகளைத் துவைத்து மாளவில்லை, துணிச்சுருள் தானாகவே நகரும் ரோலர் ஃபில்டருக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தாய். என் தொட்டியில் அது ஓடத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. மாறலாம் என்பதே என் பதில். ஆனால் துவைக்கும் வேலை மிச்சமாகும் என்பதற்காக மட்டும் அதை வாங்க வேண்டாம். அந்தக் கருவி உன் தொட்டியின் உணவுக் கணக்கையே, அதாவது தண்ணீரில் உள்ள நைட்ரேட், பாஸ்பேட் அளவுகளையே, மாற்றிவிடும். அதற்கு நீ ஆயத்தமாக இருந்தால்தான் அது நல்லது செய்யும்.

சாக்கில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார். 100 அல்லது 200 மைக்ரான் துளைகள் உள்ள துணிப்பையில் மீன் எச்சமும் தின்னாமல் விட்ட உணவும் பாசித் துணுக்குகளும் சிக்குகின்றன. சிக்கியவை தண்ணீரை விட்டு வெளியேறவில்லை; நாம் பையைக் கழற்றும்வரை ஓடும் தண்ணீரிலேயே ஊறி அழுகி, அமோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகின்றன, பாஸ்பேட்டையும் கசியவிடுகின்றன. ரோலர் ஃபில்டரில் மேல்தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் மெல்லிய ஃபிளீஸ் துணியின் வழியே வடிகிறது. துணி அடைபட அடைபட அதன் முன்புறத்தில் நீர்மட்டம் உயர்கிறது. மிதவை அந்த உயர்வை உணர்ந்து மோட்டாரை இயக்குகிறது. அழுக்கேறிய பகுதி மேலே சுருண்டு, புதிய துணி தண்ணீருக்குள் வருகிறது. அழுகுவதற்கு முன்பே அழுக்கு தண்ணீருக்கு வெளியே போய்விடுவதுதான் இதன் உண்மையான பயன். ஆகையால் வாங்கும்போது, சுருண்ட அழுக்குத் துணி நீர்மட்டத்திற்கு மேலே நிற்கும் அமைப்பா என்பதை முதலில் பார். அந்தச் சுருள் தண்ணீரிலேயே நனைந்து கிடக்குமானால், பெரிய சாக்கு ஒன்றை வாங்கியதற்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை.

பொருத்தும் வேலையில் பாதிக்கு மேல் நீர்மட்டத்தைப் பற்றியதே. கருவி நிற்கும் அறையில் தண்ணீர் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருப்பார். உன் சம்ப்பில், அதாவது கீழே உள்ள வடிகட்டும் தொட்டியில், குமிழ்களால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கு முந்திய முதல் அறைதான் இதற்கு உரிய இடம். அங்கே தடுப்புக் கண்ணாடியின் உயரம் மட்டத்தை நிலையாக வைத்திருக்கும்; ஆவியாவதால் ஏறி இறங்குவது, தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையின் மட்டம் மட்டுமே. கருவிக்கு வெளியே உள்ள மட்டம் அளவுக்கு மேல் இருந்தால் துணி சுத்தமாக இருக்கும்போதே மிதவை எழும்பி, ஒரு முழுச் சுருளும் வீணாக ஓடித் தீர்ந்துவிடும். எனவே தொட்டி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த அறையின் நீர் உயரத்தை அளந்து குறித்துக்கொள். பிறகு ரிட்டர்ன் பம்பை நிறுத்தி, குழாய்களில் உள்ள தண்ணீரெல்லாம் சம்ப்பில் இறங்கியபின் இன்னொரு முறை அள. இந்த இரண்டாவது அளவைப் பலரும் எடுப்பதில்லை. ரோலர் ஓடிக்கொண்டிருக்கப் பம்பை மட்டும் நிறுத்தினால், உயர்ந்த மட்டத்தைப் பார்த்து ரோலர் துணியைச் சுழற்றத் தொடங்கிவிடும். ரிட்டர்ன் பம்பும் ரோலரும் ஒரே சுவிட்சில் நிற்கும்படி இணைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கருவியின் கொள்ளளவைத் தேர்ந்தெடுக்கும்போது தொட்டியின் லிட்டர் கணக்கைக் காட்டிலும், சம்ப்புக்கு மணிக்கு எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்பதையே பார்க்க வேண்டும். பம்ப்பின் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு உயரம் ஏறும்போது குறைந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். அப்படிக் குறைந்த அளவுக்கும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் கருவியை வாங்கு; துணி பாதி அடைபட்ட நிலையிலும் தண்ணீர் தடையின்றி வடிய வேண்டுமல்லவா?

வடிகுழாயைக் கருவியோடு பசை போட்டு ஒட்டிவிடாதே. திருகிக் கழற்றக்கூடிய யூனியன் இணைப்பு ஒன்றை வைத்தோ, வளையும் குழாயைச் செருகியோ இணைத்தால், கழுவுவதற்காகக் கருவியைத் தனியே தூக்க முடியும். உன்னுடையது கேட் வால்வால் கட்டுப்படுத்தும் முழு சைஃபன் வடிகால், அதாவது காற்றில்லாமல் குழாய் நிறையத் தண்ணீர் இறங்குவது. குழாயின் முனையில் எதிர்ப்பு சிறிது மாறினாலும் மேல்தொட்டியின் வடிகால் பெட்டியில் மட்டம் மாறும். வால்வை மீண்டும் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அவசரகால வடிகுழாயை மட்டும் ரோலருக்குள் விடாமல் நேரே சம்ப்பில் விட்டுவிடு. மின்கம்பி பிளக்கை அடையும் முன் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறட்டும். கம்பி வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கண்ட்ரோலரையும் உப்புப் பூக்காத உலர்ந்த இடத்தில் மாட்டு.

துணியைக் கோர்க்கும்போது இரு விளிம்புகளும் ஓரத் தடங்களில் சரியாக அமர்ந்து, தொய்வில்லாமல் இழுபட்டிருக்க வேண்டும். சரியாக அமைந்ததா என்பதைச் சுருண்ட துணியே காட்டிக்கொடுக்கும். அழுக்கு அகலம் முழுவதும் ஒரே சீரான பழுப்பாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் பழுப்பாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் இருந்தால் கருவி சாய்ந்திருக்கிறது அல்லது ஒரு விளிம்பில் தண்ணீர் வடிகட்டாமல் நழுவுகிறது. என் தொட்டியின் துணியை விரித்துப் பார்த்தபோது டேங் மீனின் பச்சை எச்சமும், கண்ணாடியிலிருந்து சுரண்டிய இளஞ்சிவப்புக் கோரலைன் பாசிச் செதில்களும், கோபிபாட்கள் என்னும் ஊசிமுனை அளவுள்ள சிற்றுயிர்களும் வரிவரியாகப் படிந்திருந்தன. எவ்வளவு வெளியே போகிறது என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஓடவிடும் முன் ஒரு சோதனை செய். மோட்டாரை நிறுத்திவிட்டு, துணியின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து அடைத்துப் பார். தண்ணீர் கருவியின் உபரிநீர் வழியாகப் புரண்டு சம்ப்பிற்குள்ளேயே விழ வேண்டும்; மேல்தொட்டியில் மட்டம் உயரக் கூடாது. சுருள் தீர்ந்துபோகும் நாளிலும் மோட்டார் பழுதாகும் நாளிலும் நம் வீட்டுத் தரையைக் காப்பது அந்த உபரி வழிதான்.

இனி உணவுக் கணக்கு. மாற்றம் ஒரே நாளில் தெரியாது. பாறையும் மணலும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருப்பவை. தண்ணீரில் அது குறையக் குறைய அவை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் எண்கள் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். பிறகு இறங்கத் தொடங்கினால் விரைவாகவே இறங்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டுமே சுழியத்தைத் தொட்டால் அதை வெற்றி என்று நினைக்காதே. பவளத்திற்குள் வாழும் நுண்பாசிகளுக்கு அவை இரண்டும் தேவை. கிடைக்காவிட்டால் பவளம் வெளிறும். இவை இரண்டும் இல்லாத தொட்டியில் டைனோஃப்ளாஜெல்லேட்டுகள் என்னும் நுண்ணுயிர்கள் பழுப்பு இழைகளாகக் குமிழ் கட்டிப் பரவும் ஆபத்தும் உண்டு. நான் நைட்ரேட்டை 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) அளவிலும் பாஸ்பேட்டை 0.05 பிபிஎம்மை ஒட்டியும் வைத்துக்கொள்கிறேன். எண் இறங்கும்போது ரோலரை நிறுத்துவதில்லை. மீன்களுக்குக் கூடுதலாக உணவு போடுகிறேன். தின்ற மீன் தண்ணீரில் விடும் அமோனியா பவளத்திற்கு நேரடியாகவே பயன்படுகிறது. மிஞ்சியது அழுகாமல் துணியில் ஏறி வெளியேறுகிறது. நிறைய ஊட்டலாம், அழுக்கும் சேராது என்ற இந்த நிலைதான் இந்தக் கருவி எனக்குத் தந்த பெரிய பரிசு. நாம் அந்தக் காலத்தில் மீன்களை அரைப்பட்டினி போட்டுத் தண்ணீரைக் காத்தோமே, அது இனி வேண்டியதில்லை.

துணிக்கு உணவு எது, அழுக்கு எது என்று தெரியாது. பவளங்களுக்கான தூள் உணவையோ, மிதக்கும் நுண்பாசியான ஃபைட்டோபிளாங்டனையோ விடும்போது ரிட்டர்ன் பம்பைச் சிறிது நேரம் நிறுத்திவை. உள்ளே அலை உண்டாக்கும் பம்புகள் ஓடட்டும். மாண்டரினைப் பற்றி எனக்கும் முதலில் அச்சம் இருந்தது, அது கோபிபாட்களை நம்பி வாழும் மீனாயிற்றே. என் சம்ப்பில் ரெஃப்யூஜியம், அதாவது அந்தச் சிற்றுயிர்கள் பாதுகாப்பாகப் பெருகும் இடம், ரோலருக்குப் பிந்திய அறையில் இருப்பதால், அங்கே பெருகுபவை துணியைத் தாண்டாமல் ரிட்டர்ன் பம்ப் வழியே மேலே போய்ச் சேருகின்றன. உன் சம்ப்பில் ரெஃப்யூஜியம் முதல் அறையில் இருப்பதாக நினைவு. அந்த வரிசையை மாற்ற முடியுமா என்று பார்.

ஸ்கிம்மரை எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். எடுக்காதே. கரைந்துள்ள கரிமப் பொருளைத் துணியால் பிடிக்க முடியாது. தண்ணீருக்கு ஆக்சிஜன் ஊட்டி, கரியமில வாயுவை வெளியேற்றி, பிஎச் தாழாமல் பார்த்துக்கொள்வதிலும் ஸ்கிம்மருக்குப் பங்குண்டு. அதன் கோப்பையில் முன்போல் கரிய நீர் சேராது. அது பழுதாகிவிட்டதென்று எண்ணி அதைத் திருகிக்கொண்டிராதே.

பராமரிப்பு அதிகமில்லை. மிதவையில் வழுவழுப்பான படலம் படியும்; அதை அவ்வப்போது துடைத்துவிடு. சுண்ணாம்பு ஏறிய பாகங்களை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் போதும். மணலைக் கிளறினாலோ, பாக்டீரியாவுக்காக வினிகர் போன்ற கார்பன் உணவு விட்டாலோ சுருள் வேகமாகத் தீரும். எந்தக் காரணமும் இல்லாமல் வேகம் கூடினால் தொட்டிக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். உடனே தண்ணீரைச் சோதித்துப் பார். மாறாக மீன்கள் குறைவாக உள்ள தொட்டியில் துணி நாள்கணக்கில் நகராமல் நின்று அங்கேயே அழுக்கு ஊறும். கடிகார முறையிலும் சிறிது சிறிதாக நகர்த்தும் வசதி உள்ள கண்ட்ரோலராக இருந்தால் அந்தக் குறையும் இராது.

நான் சொன்ன இரண்டு நீர்மட்ட அளவுகளையும், முதல் அறையின் நீள அகலத்தையும், வடிகுழாய் இறங்கும் இடத்தின் படத்தையும் எனக்கு அனுப்பு. எந்த அளவுள்ள கருவி அங்கே அடங்கும், தடுப்புக் கண்ணாடியை உயர்த்த வேண்டியிருக்குமா என்பதைப் பார்த்து எழுதுகிறேன். அதுவரை எதையும் வாங்கிவிடாதே.

அன்புடன்,
ரவி