மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

மாடுகளாலும் பூமி சூடாகிறது என்று பேச்செடுத்தால் நம்மவர்களிடமிருந்து இரண்டு பதில்கள்தான் வருகின்றன. ஒன்று சிரிப்பு. இன்னொன்று, "நாங்கதான் மாட்டிறைச்சியே சாப்பிடுறதில்லையே". இரண்டுமே சரியில்லை.

பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு மாட்டின் பின்பக்கமாக வருகிறது என்று நினைத்துத்தான் சிரிக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி வாய்வழியே ஏப்பமாக வருகிறது. தின்ற புல் முதல் இரைப்பையில் ஊறிப் புளிக்கும்போது அங்குள்ள நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்க, மாடு அதை நாள் முழுக்க ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் தங்கும் என்பதால், இன்று குறைத்தால் பலனை நம் காலத்திலேயே பார்க்கலாம்.

சரி, இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு வருகிறேன். கறவை மாடும் ஏப்பம் விடுகிறது, அதிகத் தீனி தின்று அதிகப் பால் கறக்கும் மாடு இன்னும் அதிகமாகவே விடுகிறது. காலையில் காப்பி, மதியம் மோர், சாயங்காலம் தே தாரிக் என்ற பால் தேநீர், விசேஷத்துக்கு நெய் என்று பால் புழங்காத நாள் நம் வீடுகளில் உண்டா? நம் சிங்கப்பூர்ப் பேரங்காடியில் பால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போட்டிருக்கும். நியூசிலாந்து வெளியேற்றும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் கிட்டத்தட்டப் பாதி விவசாயத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு மாடும் ஆடும் விடும் மீத்தேன். பாலைக் குடிப்பது நாம், கணக்கு ஏறுவது அவர்கள் பெயரில். 2030க்குள் உலக மீத்தேன் வெளியேற்றத்தை 30 விழுக்காடு குறைக்கும் உறுதிமொழியில் சிங்கப்பூரும் சேர்ந்திருக்கிறது, ஆனால் நம் ஊர்க் கணக்கில் இந்த மாடுகள் வரவே வராது.

பாலை விடச் சொல்லவில்லை. தேதி தாண்டவிட்டு சிங்க்கில் ஊற்றாமல் இருக்கலாம். கல்யாண விருந்துகளில் மிஞ்சிய பாயசமும் தயிர்ப் பச்சடியும் வாளி வாளியாகக் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அளவாகச் சமைக்கச் சொல்ல நமக்கு என்ன தயக்கம்?

அப்புறம் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் மாடு கன்றுகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், அவை அசைபோடுவதைப் பிள்ளைகள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். அந்த இடத்தில், மாட்டின் வயிற்றுக்குள் நடப்பதையும், தீவனத்தில் சிவப்புக் கடற்பாசி சேர்த்து மீத்தேனைக் குறைக்கும் முயற்சிகளையும் படத்தோடு தமிழில் விளக்கும் பலகை ஒன்றை ஏற்பாட்டாளர்கள் அடுத்த பொங்கலுக்கே வைக்க வேண்டும். எழுதிக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்