அணைத்துவைக்கக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்

நாசாவின் செவ்வாய்த் திட்டப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

2025 டிசம்பர் 6 அன்று செவ்வாய்க்குப் பின்னால் மறைந்த மேவன் கலம் (செவ்வாயைச் சுற்றி அதன் வளிமண்டலத்தை ஆராய்ந்த உங்கள் விண்கலம்), மறுபுறம் வந்தபோது பேசவில்லை. அதற்குக் கலத்தின் திருப்பத்தை உணர்ந்து திசையறிய உதவும் கைரோக்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரையில் ஊரும் வண்டிகளின் தகவலைப் பூமிக்குக் கடத்தும் சுமையில் மேவனின் பங்கையும் இனி, மற்றக் கலங்களோடு, 2005-இல் ஏவப்பட்ட எம்ஆர்ஓ என்ற செவ்வாய்ச் சுற்றுக்கலமும் சேர்த்துச் சுமக்கவேண்டும். அதன் முதல் கைரோப் பெட்டி சுமார் 58,000 மணி நேரம் உழைத்துத் தளர்ந்ததும், மாற்றுப் பெட்டியும் 2018 தொடக்கத்திலேயே 52,000 மணி நேரத்தைக் கடந்துவிட்டதும் நீங்களே அறிவித்த கணக்கு.

விமான வழிகாட்டிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. இந்தக் கலங்களில் உள்ளவை வளைய லேசர் கைரோக்கள்; ஆடிகளில் பட்டு எதிரெதிராகச் சுற்றும் இரண்டு லேசர் கதிர்களை ஒப்பிட்டுத் திருப்பத்தை அளப்பவை. மேசைக்கு வரும் அத்தகைய கைரோவில் கண்ணாடிக் கட்டி கீறலின்றி இருக்கும், மின்சுற்றுகள் ஒழுங்காக இருக்கும், ஒளி மட்டும் மங்கியிருக்கும். உள்ளே ஹீலியமும் நியானும் கலந்த வாயுவில் மின்சாரம் பாயப் பாய, எதிர்மின்வாயின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடுத் தோல் அரிபடுகிறது, வாயுவின் தூய்மை கெடுகிறது, ஆடிகளின் பூச்சும் நாளாவட்டத்தில் தேய்கிறது. லேசரின் செறிவைக் காட்டும் எண் சிறிது சிறிதாக இறங்கி, ஒருநாள் அது எரியவே மறுத்துவிடும். விமானமென்றால் பெட்டியைக் கழற்றி வேறொன்றைப் பொருத்திவிடுவோம், மாலையில் அது புறப்பட்டுவிடும். செவ்வாயைச் சுற்றும் கலத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்தத் தேய்மானத்தின் பெரும்பகுதி லேசர் எரியும்போது மட்டுமே நிகழ்வது. ஆகவே அணைத்துவைத்த ஒவ்வொரு மணி நேரமும் ஆயுளில் சேருகிறது. இதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. 2018-இல் எம்ஆர்ஓவை விண்மீன்களை மட்டும் பார்த்துத் திசையறியச் செய்து, இன்றியமையாத வேளைகளுக்கு மட்டும் கைரோக்களை ஒதுக்கிவைத்தவர்கள் நீங்களே. நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ என்ற உங்கள் கலத்திலும் ஒரு லேசரின் செறிவு குறைவதைக் கண்டு அதே ஆண்டில் பெட்டியை அணைத்துவைத்தீர்கள். இரண்டும் பாராட்டுக்குரிய வேலைகள்.

அப்படியிருக்க, மேவனுக்கு ஏன் அந்தப் பாடம் உரிய நேரத்தில் போய்ச்சேரவில்லை? விண்மீன் முறைக்கு மாற 2022 அக்டோபர் வரை அவகாசம் இருப்பதாகத் திட்டமிட்டிருந்தீர்கள். பிப்ரவரி 22 அன்றே கலம் தன் திசையை அறியமுடியாமல், இன்றியமையாதவை தவிர மற்ற வேலைகளை நிறுத்திவைக்கும் பாதுகாப்பு நிலைக்குச் சென்றது. எஞ்சியிருந்த கைரோப் பெட்டியும் தளர்ந்துகொண்டிருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு முடிக்கவேண்டிய மென்பொருளை, அந்தப் பெட்டி அணைவதற்குள் எழுதிச் சோதித்து ஏற்றவேண்டிய நிலைக்கு உங்கள் பொறியாளர்கள் தள்ளப்பட்டார்கள். ஏப்ரலில் ஏற்றி, மே 28 அன்று ஆய்வுப் பணிக்கு மீட்டும் விட்டார்கள். அவர்களை வணங்குகிறேன். ஆனால் சூரியன் செவ்வாயின் வளிமண்டலத்தை எப்படி உரித்தெடுக்கிறது என்று பார்க்கவே அனுப்பப்பட்ட கலம், சூரியச் செயல்பாடு ஏறிக்கொண்டிருந்த அந்த ஆண்டில், மூன்று மாதம் தன் வேலையைச் செய்ய முடியாமல் நின்றது. அந்த நாட்களின் அளவீடுகளை இனி யாராலும் எடுக்கமுடியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே உங்கள் கையில் இருந்த ஒரு தீர்வு தாமதமானதால் நேர்ந்த இழப்பு இது என்பதால்தான் எனக்கு ஆறவில்லை.

புதிய கலத்துக்குக் கிடைக்கும் கவனம் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கலத்துக்குக் கிடைப்பதில்லை. 2026 நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகையின் முன்மொழிவில் மேவனும், செவ்வாயைச் சுற்றும் இன்னொரு பழைய கலமான ஒடிசியும் நிறுத்தப்படவேண்டியவையாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஓராண்டுக்குப் பின் இருப்போமா என்று தெரியாத குழுவிடம், பத்தாண்டு கழித்து எரியவேண்டிய லேசரைப் பற்றிச் சிந்திக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். நிதி உங்கள் கையில் முழுமையாக இல்லை என்பதையும் அறிவேன். வடிவமைப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது.

2025 ஜூலையில் சட்டமான 70 கோடி டாலர் ஒதுக்கீட்டில் புதிய செவ்வாய்த் தொலைத்தொடர்புக் கலம் உருவாகவிருக்கிறது. அதில் வளைய லேசர் கைரோக்கள் இடம்பெறுமானால், அவற்றை அணைத்துவைத்தே இயங்கும் மென்பொருளை ஏவும் நாளிலேயே ஏற்றி அனுப்புங்கள். சுற்றுப்பாதை மாற்றம், வேகமான திருப்பம், விண்மீன் கேமராவின் பார்வை கூசும் நேரம், பாதுகாப்பு நிலை ஆகியவற்றுக்கு மட்டும் லேசர் எரியட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் எரிபொருளைப்போல ஒரு மணிக்கணக்கு வகுத்து, முதல் நாளிலிருந்தே அதைக் காத்துவாருங்கள். செறிவு இறங்கத் தொடங்கிய பிறகு அல்ல, ஏவும் நாளிலேயே என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எம்ஆர்ஓவின் லேசர் செறிவு அளவுகளையும் ஆண்டுதோறும் வெளியிட்டால், இந்தக் கருவிகளோடு வாழ்ந்த என்னைப் போன்றோர் நன்றியோடு படிப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவிப் பழுதுநீக்குநர் ஒருவர்