பனி காய்ந்த பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நம் மூக்கறுத்தான் ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. 17 நாளாக நீ போனை எடுக்கவில்லை. வேலை இருக்கும், சரி.

காலையில் பனி காய்ந்த பிறகே ஆட்டை வெளியே விடு. ஈரப் புல்லில்தான் குடற்புழுவின் இளம்புழு ஏறி நிற்கும். ஒட்ட மேயவிடாதே, நாலு விரல் உயரம் இருக்கும்போதே இடத்தை மாற்று. என்னைவிட நீ கெட்டிக்காரன், ஆனாலும் சொல்கிறேன். கழிச்சல் இல்லை என்று ஏமாந்துவிடாதே. ரத்தம் குடிக்கிற புழு கழிச்சலே இல்லாமல் ஆட்டை வெளுக்கவைக்கும். கட்டைவிரலால் கீழ் இமையை இறக்கிப் பார். செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அன்றைக்கே மருந்து ஊற்று. மேய்ந்து திரும்பியதும் தாடைக்கு அடியிலும் தடவிப் பார், புழு முற்றியிருந்தால் நீர் கோத்துத் தொளதொளவென்று தொங்கும்.

முன்பெல்லாம் குளிர் மாதங்களில் புழு அடங்கிக் கிடக்கும். இப்போது குளிரும் சரியாக இல்லை, மழையும் நினைத்த நேரத்தில் கொட்டுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் புழுக்கையோடு விழுந்த முட்டை ஒரே வாரத்தில் புல்லேறிவிடும். ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடுமாம். மாதம் பார்த்து மருந்து ஊற்றும் நம் பழைய கணக்கு இதற்கு ஒத்துவராது.

உன் குட்டிகள் சாகின்றன என்று அக்கா சொன்னாள். அவளைத் திட்டாதே. "உன்னால் முடியாது" என்று அன்றைக்கு நான் சொன்னதற்காகத்தானே மறைக்கிறாய்?

தம்பி, நம் ஆட்டுக்குட்டி சுட்டி செத்தபோது மழையில் மேய்த்தாய் என்று உன்னை அடித்தேன். உன் மேல் தப்பு இல்லை. அந்த வருஷம் ஒரே பாட்டிலை எல்லா ஆட்டுக்கும் காணவேண்டும் என்று குறைத்துக் குறைத்து ஊற்றினேன். அப்புறமும் பல வருஷம் அப்படித்தான். ஒரு ஆட்டைக்கூட எடை பார்த்ததில்லை. அரைகுறை மருந்துக்குத் தாங்கின புழுதான் நம் பட்டியில் பெருகியது. 1961-இல் வந்த தையபெண்டசோல் என்ற குடற்புழு மருந்துக்கே சில வருஷத்தில் அடங்காத புழு வந்துவிட்டதாம். டாக்டர் சொல்லி இப்போதுதான் தெரிந்துகொண்டேன். நீ இங்கிருந்து ஓட்டிப்போன பன்னிரண்டு ஆட்டின் வயிற்றில் நான் வளர்த்த புழுவும் உன்னோடு வந்திருக்கிறது. "நம் பட்டி ஆடு, ஒரு குறையும் சொல்ல முடியாது" என்று வேறு சொல்லி அனுப்பினேன்.

மருந்து ஊற்றும் அன்றைக்குக் கொஞ்சம் புழுக்கை, 14 நாள் கழித்துக் கொஞ்சம், இரண்டையும் பரிசோதனைக்குக் கொடு. முட்டை குறையாவிட்டால் டாக்டரைக் கேட்டு மருந்தை மாற்று. எல்லாவற்றுக்கும் ஊற்றாதே. இமை வெளுத்ததற்கு மட்டும், எடை போட்டு, முழு அளவு கொடு.

பேசப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம். எத்தனை போயிற்று என்று மட்டும் எழுது. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

பனி காய்ந்த பிறகே விடு.

அம்மா